ரெட்ரோவில் மேனேஜர் உட்காரலாமா? நான்கு வழிகள், நான்கு விலைகள்

லாஸ்பேட்டையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம். அங்கே போன மாதம் ஸ்க்ரம் மாஸ்டர் (டீம் கூட்டங்களை நடத்தி வழிகாட்டுபவர்) ஆன பெண், முடித்த வேலையை டீம் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ கூட்டம் பற்றி என்னிடம் கேட்டார்: "அக்கா, எங்க மேனேஜர் நல்ல மனுஷன்தான். அடுத்த ரெட்ரோவுக்கு நானும் வர்றேன்னு சொல்லியிருக்கார். வேணாம்னு சொன்னா மரியாதையா இருக்காது. வந்தார்னா பசங்க வாயே திறக்க மாட்டாங்க. என்ன பண்ணட்டும்?"

அதே வாரம் முதலியார்பேட்டையில் 20 பேரை வைத்துத் தொழில் நடத்தும் ஒருவர் இதையே மறுபக்கமாகக் கேட்டார். "சம்பளம் குடுக்கிறவன் நான். எங்க ஆளுங்க எங்க வேலையைப் பத்திப் பேசுற மீட்டிங்ல எனக்கே இடம் இல்லன்னா எப்படிம்மா?" குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. புதுச்சேரியில் முதலில் டெஸ்டராகவும் பிறகு ஸ்க்ரம் மாஸ்டராகவும் இருந்து, கீழே சொல்லப்போகும் நான்கு வழிகளிலும் ரெட்ரோ நடத்திப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு வாரமோ ஒரு மாதமோ வேலை பார்த்து முடித்த பிறகு, எது நன்றாகப் போனது, எங்கே இடித்தது, அடுத்த தடவை எதை மாற்றுவது என்று டீம் உட்கார்ந்து பேசுவதுதான் ரெட்ரோ. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் (மென்பொருளைச் சிறுசிறு கட்டங்களாக உருவாக்கும் அணுகுமுறை) பிரகடனத்தோடு சேர்ந்த 12 கொள்கைகளில் கடைசிக் கொள்கை இதைத்தான் சொல்கிறது. அப்படி வேலையைச் சுற்றுச் சுற்றாகச் செய்யும் ஒரு முறைதான் ஸ்க்ரம், ஒரு சுற்றுக்குப் பெயர் ஸ்பிரின்ட். ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020 பதிப்பு, ஒரு மாத ஸ்பிரின்டுக்கு அதிகபட்சம் 3 மணி நேரம் ரெட்ரோவுக்கு ஒதுக்குகிறது. ஸ்க்ரம் டீம் என்று அது குறிப்பிடுவது டெவலப்பர்கள், ப்ராடக்ட் ஓனர் (வேலைப் பட்டியல் போடுபவர்), ஸ்க்ரம் மாஸ்டர் ஆகிய மூன்று பொறுப்புகளை. அந்தப் பட்டியலில் மேனேஜர் இல்லை. நம் அலுவலகங்களில் இருக்கிறார். ஆகவே முடிவை நாமேதான் எடுத்தாக வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள்.

உண்மை வருமா? "ரிலீஸ் அன்னைக்கு ராத்திரி டெஸ்ட் பண்ணாமலேயே பாஸ்னு போட்டுட்டேன்" என்று ஒருவரால் அந்த அறையில் சொல்ல முடியுமா?

சொன்னது நடக்குமா? டெஸ்டிங்குக்குத் தனி சர்வர் வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லலாம். பணம் ஒதுக்கும் கை அந்த அறையில் இருக்கிறதா?

பேச்சு, வருடாந்திர மதிப்பீடான அப்ரைசலுக்குப் போய்ச் சேருமா? போய்ச் சேரும் என்ற சந்தேகம் இருந்தாலே போதும், போய்ச் சேர்ந்த மாதிரிதான்.

தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியுமா? ஒரு டீம் பட்ட அடி அடுத்த டீமைக் காப்பாற்ற வேண்டும்.

நான்கில் மூன்றாவதுதான் மற்றவற்றை இழுத்துச் செல்லும். மேனேஜர் நல்லவரா கெட்டவரா என்பது இரண்டாம் பட்சம். மார்ச்சில் ரேட்டிங் போடுபவர் அவர் என்றால், ஜூலையில் அவர் எதிரில் சொன்ன தவறு அவர் நினைவில் இருக்கும். எவ்வளவு நல்ல மனிதராலும் கேட்டதைக் கேட்காததாக ஆக்கிக்கொள்ள முடியாது. நேரத்தை நான் அளவுகோலாக வைக்கவில்லை. யார் உட்கார்ந்தாலும் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரம்தான்.

## வழி 1: ஒவ்வொரு ரெட்ரோவிலும் மேனேஜர்

லாபம் கண்ணுக்குத் தெரியும். கேட்ட இடத்திலேயே "சரி, செய்துவிடலாம்" என்று பதில் வரும். க்ளையன்ட் ஏன் திடீரென்று தேதியை முன்னால் தள்ளினார் என்பதை அவரே விளக்கிவிடுவார். வதந்திக்கு வேலை இல்லை.

நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. அதுதான் இந்த வழியின் ஆபத்து.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அப்போது நான் இருந்த டீமின் ரிலீஸ் 6 நாள் தள்ளிப்போனது. மேனேஜர் உட்கார்ந்திருந்த ரெட்ரோவில் எல்லோரும் எழுதி ஒட்டிய சீட்டு ஒன்றுதான்: புயல், கரண்ட் இல்லை, நெட் இல்லை. அது பொய்யும் இல்லை. ஆனால் எங்களில் மூன்று பேர் வீட்டுக்கு இரண்டாம் நாளே கரண்ட் வந்துவிட்டது. வந்தும் அவர்களால் டெப்ளாய் செய்ய (புது வெர்ஷனை சர்வரில் ஏற்ற) முடியவில்லை. புரொடக்‌ஷன் சர்வரின் பாஸ்வேர்டு ஒரே ஒருவரிடம் இருந்தது. அவர் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும் என்று சொல்லியிருந்தவர் அந்த மேனேஜர்தான். அவர் முகத்துக்கு நேரே அதை யார் எடுப்பது? அடுத்த ரெட்ரோ அன்று அவர் லீவு. பத்தாவது நிமிடத்தில் விஷயம் மேஜைக்கு வந்துவிட்டது. முதல் ரெட்ரோ முடிந்தபோது "மீட்டிங் நன்றாகப் போனது" என்றுதான் நானே நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் கவனித்தேன். சார் உள்ளே வந்ததும் பேச்சு இங்கிலீஷுக்கு மாறிவிடும். பண்ருட்டியிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் வந்து, தமிழில் கணீரென்று பேசுகிற பிள்ளைகள், "எவ்ரிதிங் ஃபைன்" என்று முடித்துக்கொள்வார்கள். தவறு எங்கே நடந்தது என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். வாயும் அவர்களுடையதுதான் முதலில் மூடும்.

பிறகு, எண்ணிக்கையை மேனேஜர்கள் தலைகீழாகப் படிப்பது. 14 பிரச்சினை எழுதிய டீமைவிட 3 எழுதிய டீம் நல்ல டீம் என்று தோன்றும். ஹார்வர்டின் எமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கு வேறு மாதிரி வந்தது: அந்தக் குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். அவர்கள் கூடுதலாகத் தவறு செய்யவில்லை, பயமில்லாமல் சொல்லியிருக்கிறார்கள் என்ற விளக்கத்துக்குத்தான் அவர் வந்து சேர்ந்தார். சீட்டு குறைந்துகொண்டே வந்தால் நான் கவலைப்படுவேன்.

எப்போது இந்த வழி சரி? ரேட்டிங் போடுபவர் வேறு யாரோ என்றால். அல்லது டீம் பல வருடம் அவரோடு பழகி, தினசரி மீட்டிங்கிலேயே "இல்ல சார், அது சரியா வராது" என்று அவரிடம் சொல்லிப் பழகியிருந்தால். சோதித்துப் பார்ப்பது எளிது: கடைசி மூன்று ரெட்ரோவில் யாராவது மேனேஜரை மறுத்துப் பேசினார்களா? நினைவுக்கு ஒன்றும் வரவில்லை என்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை.

## வழி 2: மேனேஜர் வரவே கூடாது

கடலூர் தேவனாம்பட்டினம் எங்கள் ஊர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். ஆட்கள் நிழலில் உட்கார்ந்து வலைக் கிழிசலைப் பின்னுவார்கள். கை வலையில் இருக்கும், வாய் போன சீசனில் இருக்கும். எந்த இடத்தில் கடலடிப் பாறையில் வலை மாட்டியது, யார் அவசரப்பட்டு இழுத்தார், எஞ்சின் சத்தம் மாறியதை யார் முதலில் கேட்டும் சொல்லாமல் விட்டார் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். படகு முதலாளி வந்து நின்றால் பேச்சு டீசல் விலைக்குப் போய்விடும். அவர் நகர்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சிறு வயதில் என் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிற்பாடு ஆபீஸில் கதவு மூடிய ரெட்ரோ நடத்தியபோது அந்த நிழல்தான் ஞாபகம் வந்தது.

ஆக, உண்மை வரும். இந்த வழியின் பலம் அது ஒன்றுதான், ஆனால் பெரிய பலம்.

விலையும் பெரிது. 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனை நோக்கி இறங்கிய டிடபிள்யூஏ 514 விமானம் வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதியது. இருந்த 92 பேரும் இறந்தார்கள். அதற்குச் சுமார் ஆறு வாரம் முன்பு யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே இடத்தில், இறங்கும் உயரம் பற்றிய அதே குழப்பத்தால், மலையில் மோதாமல் தப்பியிருந்தது. அந்த விமானிகள் மறைக்கவில்லை. தங்கள் நிறுவனத்துக்குள் சொன்னார்கள். நிறுவனமும் தன் விமானிகளை எச்சரித்தது. செய்தி அந்தச் சுவருக்கு வெளியே போகவில்லை. மூடிய அறையில் மனம் திறந்து பேசுவது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் அளவில் அது எப்படி நடக்கும் என்றால், "தனி டெஸ்டிங் சர்வர் வேண்டும்" என்ற வரி ஐந்து ஸ்பிரின்டாக அப்படியே போர்டில் இருக்கும். ஆறாவது ரெட்ரோவில் அதை எழுதக்கூட யாருக்கும் மனம் வராது. ரெட்ரோ புலம்பும் இடம் ஆகிவிடும். வெளியே இருக்கும் மேனேஜருக்கோ, உள்ளே தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றும். புதுச்சேரி சின்ன ஊர். மேனேஜர் உங்கள் காலேஜ் சீனியராக இருப்பார், டீமில் ஒருவருக்குத் தெருக்காரராக இருப்பார். டீக்கடையில் யாராவது ஒருவர் வழியாகப் பாதிக் கதை அவர் காதுக்குப் போகும். பாதிக் கதை முழுக் கதையைவிடக் கெடுதல்.

புது டீமுக்கு முதல் மூன்று நான்கு ஸ்பிரின்ட் வரை இந்த வழிதான் நல்லது. ஆட்குறைப்பு நடந்த காலத்திலும் அப்படியே. மேனேஜரே பிரச்சினையாக இருந்தால் கேள்விக்கே இடமில்லை.

## வழி 3: கடைசி அரை மணிக்கு மட்டும், டீம் அழைத்து

என் தேர்வு இதுதான், பெரும்பாலான டீம்களுக்கு.

மேலே சொன்ன விபத்தின் தொடர்ச்சி இங்கே உதவும். 1975-ல் அமெரிக்க விமான ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ, தவறுகளைத் தெரிவியுங்கள் என்று விமானிகளிடம் தானே கேட்டது. லைசென்ஸைப் பறிக்கும் அதிகாரமும் அதனிடம்தான் இருந்தது, நம்பிக்கை வரவில்லை. 1976-ல் அந்தத் தகவல்களை வாங்கும் வேலையை நாசாவிடம் கொடுத்தார்கள். நாசாவுக்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் அது மேலே அனுப்பும். அந்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது. கேட்கும் காதையும் தண்டிக்கும் கையையும் பிரித்து வைத்து, நடுவில் ஒரு வாசல் திறந்தார்கள். வழி 3 அந்த வாசல்தான்.

நடத்தும் விதம் இப்படி. முதல் ஐம்பது நிமிடம் டீம் மட்டும். பிறகு பத்து நிமிடம் டீ. அந்தப் பத்து நிமிடத்தில், மேனேஜரிடம் கொண்டுபோக வேண்டியதை டீமே பொறுக்கும்: மூன்றுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றும் "நாங்கள்" என்று ஆரம்பிக்கட்டும், அவரால் மட்டுமே தீர்க்க முடிந்ததாக இருக்கட்டும். மற்ற சீட்டுகளைப் போர்டிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆன்லைன் போர்டு என்றால் அவருக்கு அனுமதி உள்ள பக்கத்தில் எதுவும் மிச்சமில்லையா என்று பாருங்கள். இதை மறந்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. பிறகு அவர் வருவார். ஒவ்வொன்றுக்கும் அவரிடமிருந்து மூன்றில் ஒரு பதில் வேண்டும்: "ஆகும், இந்தத் தேதிக்குள்", "ஆகாது, காரணம் இது", "யோசித்து இந்தத் தேதியில் சொல்கிறேன்".

பிரான்ஸ் க்ளையன்ட் உள்ள டீம்கள் இதை வெள்ளி மாலையில் வைக்காதீர்கள். அவர்கள் காலை 9 மணி நமக்குக் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. மாலை முழுக்க அழைப்பு வந்துகொண்டே இருக்கும். கடலூர், விழுப்புரம் பஸ் பிடிக்கிறவர்கள் கண் வேறு கடிகாரத்தில் இருக்கும். வியாழன் காலை 10 மணி எங்களுக்கு ஒத்துவந்தது.

மறைந்திருக்கும் விலை இரண்டு. ஒன்று, அந்தப் பத்து நிமிடத்தில் உண்மை மெருகேறிப் போகலாம். "பாஸ்வேர்டை ஒருவரிடம் வைத்ததால் 6 நாள் போனது" என்பது "அணுகல் நடைமுறையை மேம்படுத்தலாம்" என்று ஆகிவிடும். படித்தால் யாருக்கும் எதுவும் உறைக்காத வாக்கியம் என்றால் திரும்ப எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவது, முழுப் பாரமும் ஸ்க்ரம் மாஸ்டர் மேல் விழும். ஒருமுறை உள்ளே வந்த மேனேஜர், கோபமே இல்லாமல், "இது யார் சொன்னது?" என்று கேட்டார். "டீம் சொன்னது சார்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் அதைத்தான் சொன்னது. கண் அந்தப் பையன் பக்கம் போய்விட்டது. ஒரு நொடிதான். அவன் மறுபடி ரெட்ரோவில் வாய் திறக்க நான்கு ஸ்பிரின்ட் ஆயிற்று. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் இப்போதெல்லாம் மேனேஜரிடம் முன்கூட்டியே தனியாகப் போய்ச் சொல்லிவிடுகிறேன்: "சார், என்ன வேணா கேளுங்க, யாருன்னு மட்டும் கேட்காதீங்க."

## வழி 4: எழுத்தில் மட்டும், காலாண்டுக்கு ஒருமுறை நேரில்

மேனேஜர் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து மூன்று நான்கு டீம்களைப் பார்த்துக்கொள்கிறார் என்றால் இது பொருந்தும். ரெட்ரோ முடிந்ததும் மூன்று வரி அவருக்குப் போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா டீமும் அவரோடு உட்கார்ந்து, திரும்பத் திரும்ப வந்த விஷயங்களைப் பேசும். ஒரு டீம் பட்டதை இன்னொரு டீம் தெரிந்துகொள்ள இந்த வழிதான் மற்ற மூன்றையும்விட மேல். ஆனால் பதில் வரத் தாமதமாகும். எழுதியதைப் படிக்கிறாரா என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் எழுதுகிறவர்களும் கடமைக்கு எழுத ஆரம்பிப்பார்கள்.

## ஒரே பார்வையில்

| | உண்மை வருமா | சொன்னது நடக்குமா | அப்ரைசல் பயம் | வெளியே தெரியுமா | ஏற்ற சூழல் |
|---|---|---|---|---|---|
| வழி 1: எப்போதும் | குறைவு | உடனே | அதிகம் | தெரியும், பாதி மட்டும் | ரேட்டிங் போடுபவர் வேறு, நெடுநாள் பழகிய டீம் |
| வழி 2: வரவே கூடாது | நிறைய | டீம் கையில் உள்ளது மட்டும் | மிகக் குறைவு | தெரியாது, டீக்கடை வழியாகக் கசியும் | புது டீம், ஆட்குறைப்புக் காலம், மேனேஜரே பிரச்சினை |
| வழி 3: கடைசி அரை மணி | நிறைய, மெருகேறும் ஆபத்துடன் | அன்றே பதில் | ஸ்க்ரம் மாஸ்டரைப் பொறுத்தது | தெரியும் | பெரும்பாலான டீம்கள் |
| வழி 4: எழுத்தும் காலாண்டும் | ஓரளவு | தாமதம் | குறைவு | மிக நன்றாக | தொலைவில் உள்ள மேனேஜர், பல டீம்கள் |

## முதலாளியே எல்லாமாக இருந்தால்

முதலியார்பேட்டைக்காரரின் நிலைமை அட்டவணைக்குள் அடங்காது. அவர்தான் முதலாளி, அவர்தான் மேனேஜர், க்ளையன்டிடம் பேசி வேலைப் பட்டியல் போடுவதால் ப்ராடக்ட் ஓனரும் அவர்தான். ப்ராடக்ட் ஓனர் ஸ்க்ரம் டீமில் ஒருவர். ரெட்ரோவில் உட்கார அவருக்கு உரிமை உண்டு. "இப்போ நான் முதலாளி இல்ல, ப்ராடக்ட் ஓனர்" என்று அவர் மனசாரச் சொல்லலாம். எதிரில் உட்கார்ந்திருக்கும் 23 வயதுப் பெண்ணுக்கு சம்பள உயர்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுபவர்தான் தெரிவார். இங்கே சின்ன நிறுவனங்களில் பலர் முதலாளியை "அண்ணா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பாசம் உண்மையானது. அந்தப் பாசத்தாலேயே, அண்ணன் மனசு நோகும் என்று இன்னும் பல விஷயங்கள் சொல்லாமல் போகும்.

அவருக்கு நான் சொன்னது: வழி 3, ஆனால் நடத்துபவர் வெளியாள். பக்கத்து நிறுவனத்தின் ஸ்க்ரம் மாஸ்டர் வந்து உங்கள் ரெட்ரோவை நடத்தட்டும். உங்கள் ஆள் போய் அவர்களுடையதை நடத்தட்டும். பணம் வேண்டாம், வேலைக்கு வேலை. க்ளையன்ட் பெயரும் புரோகிராம் கோடும் வெளியே போகாது என்று முதலிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள். இரண்டு நிறுவனங்களுக்கு இடையே இப்படி மாற்றி நடத்தியிருக்கிறேன். தங்கள் சம்பளத்தோடும் ரேட்டிங்கோடும் சம்பந்தமில்லாத ஒருவர் கேட்கும்போது ஆட்கள் பேசுகிறார்கள்.

## மேனேஜரிடம் எப்படிச் சொல்வது

"வராதீங்க" என்ற வார்த்தையே வேண்டாம். லாஸ்பேட்டைப் பெண்ணுக்கு நான் எழுதிக் கொடுத்தது இது: "சார், 10 மணிக்கு நாங்க ஆரம்பிக்கிறோம். எங்களால முடிஞ்சதை நாங்களே தீர்த்துக்கறோம். உங்களால மட்டும் முடியற விஷயங்களோட 11 மணிக்கு உங்களைக் கூப்பிடறோம், அந்த அரை மணி மட்டும் வேற எதுவும் வெச்சுக்காதீங்க சார்." அவருக்குத் தேவைப்படுகிற மரியாதை அதில் இருக்கிறது, டீமுக்குத் தேவைப்படுகிற ஒரு மணி நேரமும் இருக்கிறது. அவர் மறுத்தால், மூன்று ஸ்பிரின்ட் மட்டும் இப்படிச் செய்து பார்ப்போம் என்று கேளுங்கள். ஒவ்வொரு ரெட்ரோ ஆரம்பத்திலும், "இங்கே மனசுவிட்டுப் பேச முடியும்" என்பதற்கு ஒன்று முதல் ஐந்து வரை பெயரில்லாமல் சீட்டில் மார்க் போடச் சொல்லி வாங்கிப் பாருங்கள். மூன்றுக்குக் கீழே வந்தால் அன்றைக்கு மேனேஜரைக் கூப்பிட வேண்டாம்.

லாஸ்பேட்டைப் பெண்ணின் மேனேஜர், "சரிம்மா, 11 மணிக்குக் கூப்பிடு" என்றாராம். கொண்டுபோன மூன்றில் இரண்டுக்குத் தேதி சொன்னார். ஒன்றுக்கு ஆகாது என்றார், ஏன் என்றும் சொன்னார். ஆகாது என்று சொன்னதைத்தான் பிள்ளைகள் சாப்பாட்டு நேரத்தில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம், இவ்வளவு நாளும் அந்தக் காரணம் அவர்களுக்குத் தெரியாது.

முதலியார்பேட்டைக்காரர் இன்னும் முழு மனதோடு ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் வருகிற வியாழன் அவர் ஆபீஸில் ரெட்ரோ நடத்த நான் போகிறேன். எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். 11 மணிக்கு நான் போன் செய்ய வேண்டும்.